ஆக்சின் எங்கே தேங்குகிறது?

தமிழ்நாட்டின் உரக்கடைகளில் ஒரே அலமாரியில் மூன்று சரக்குகளைப் பார்க்கலாம். உளுந்திலும் பருத்தியிலும் பூவும் பிஞ்சும் கொட்டாமல் இருக்க அடிக்கும் என்.ஏ.ஏ. கரைசல் ஒன்று. நெல் வயலில் அகன்ற இலைக் களைகளைக் கருக்கும் 2,4-டி இன்னொன்று. நாற்றுப்பண்ணைக்காரர்கள் குச்சியின் அடியைத் தொட்டு நடும் ஐ.பி.ஏ. வேர்த்தூள் மூன்றாவது. ஒன்று பூவைக் காக்கிறது, ஒன்று செடியைக் கொல்கிறது, ஒன்று வேர்விட வைக்கிறது. மூன்றும் ஆக்சின் என்ற ஒரே ஹார்மோன் குடும்பத்தைச் சேர்ந்தவை.

ஆக்சின் என்ன செய்யும் என்று பாடநூலைப் புரட்டினால் நீண்ட பட்டியல் கிடைக்கும். தண்டை நீட்டும், வேர் நீள்வதைத் தடுக்கும், புது வேர்களைக் கிளப்பும், பக்கக் கிளைகளை அடக்கும், கனியைப் பருக்கவைக்கும். பட்டியலில் பிழை இல்லை. ஆனால் படித்து முடித்தவருக்கு ஆக்சின் என்றால் என்னவென்று பிடிபடாது. ஒன்றுக்கொன்று முரணான இத்தனை வேலைகளை ஒரு சின்னஞ்சிறு மூலக்கூறு எப்படிச் செய்யும்? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘என்ன செய்கிறது’ என்று கேட்டுக்கொண்டிருந்தவரை இந்தத் துறையில் குழப்பமே மிஞ்சியது. எங்கே சேர்கிறது, யார் சேர்க்கிறார்கள், சேர்ந்த இடத்தில் அதைக் கேட்கும் செல் எது என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் முடிச்சு அவிழ ஆரம்பித்தது.

கதை 1880இல் தொடங்குகிறது. சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் அந்த ஆண்டு செடிகளின் அசைவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். கேனரி புல்லின் முளைக்குருத்து வெளிச்சம் வரும் பக்கம் வளையும். நுனியை மட்டும் மூடி வைத்தால் வளையாது. வளைவதோ நுனிக்குக் கீழே உள்ள பகுதி. ஆக, நுனி எதையோ உணர்ந்து கீழே அனுப்புகிறது என்று அவர்கள் எழுதினார்கள். டென்மார்க்கின் பாய்சன்-யென்சன் முப்பது ஆண்டுகள் கழித்து நுனியை வெட்டி, இடையில் ஜெலட்டின் துண்டு வைத்து மீண்டும் பொருத்திப் பார்த்தார். செய்தி ஜெலட்டினைக் கடந்து போனது. மைக்கா தகட்டைச் செருகியபோது நின்றுபோனது. கீழே இறங்குவது கரையக்கூடிய ஒரு பொருள் என்பது இதனால் தெரிந்தது.

அந்தப் பொருளைக் கையில் பிடித்தவர் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் இருந்த ஃபிரிட்ஸ் வெண்ட். அவருடைய சோதனை இன்றும் கல்லூரித் தேர்வுகளில் கேட்கப்படுவதற்குக் காரணம் அதன் எளிமை. ஓட்ஸ் முளைக்குருத்துகளின் நுனிகளை வெட்டி அகார் பாளத்தின் மேல் சில மணி நேரம் வைத்தார். பிறகு நுனிகளை எறிந்துவிட்டு, அகாரைச் சிறு துண்டுகளாக்கி, தலை வெட்டிய குருத்தின் ஒரு ஓரத்தில் வைத்தார். இருட்டிலும் குருத்து வளைந்தது. துண்டு வைத்த பக்கம் அதிகம் வளர, மறுபக்கமாகச் சாய்ந்தது. வளைந்த கோணம் அகாரில் இருந்த பொருளின் அளவுக்கு ஏற்ப இருந்ததால், அதுவே அளவுகோலும் ஆயிற்று. 1926இல் தொடங்கிய இந்த வேலை 1928இல் அச்சேறியது. நிகலாய் கோலோத்னியும் வெண்டும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தார்கள்: வெளிச்சமோ புவியீர்ப்போ ஆக்சினை ஒரு பக்கம் ஒதுக்குகிறது, வளைவு அதன் விளைவு. அமெரிக்காவில் வின்ஸ்லோ பிரிக்ஸ் குழு 1957இல் மக்காச்சோளக் குருத்தில் இதைச் சரிபார்த்தது. வெளிச்சம் பட்டதால் மொத்த ஆக்சின் குறையவில்லை, பங்கீடுதான் நிழல் பக்கம் மாறியிருந்தது.

இதற்கு நடுவே வேதியியலாளர்கள் ஒரு பெரிய வழிதவறலில் சிக்கினார்கள். குருத்து நுனியில் உள்ள பொருளின் அளவு மிகச் சொற்பம் என்பதால், உட்ரெக்டில் ஃபிரிட்ஸ் கோகல் குழு வேறு மூலங்களைத் தேடி மனிதச் சிறுநீருக்கு வந்து சேர்ந்தது. அந்தத் தேடலில் ‘ஆக்சின் அ’, ‘ஆக்சின் ஆ’ என்று இரண்டு பொருள்களைப் பிரித்தெடுத்ததாக அறிவித்தது. 1934இல் மூன்றாவதாக ஒன்று கிடைத்தது: இண்டோல் அசெட்டிக் அமிலம். முதல் இரண்டும்தான் உண்மையான ஆக்சின்கள், இது ஏதோ உபரி என்றே கொஞ்ச காலம் எண்ணினார்கள். பிறகு எத்தனையோ ஆய்வகங்கள் முயன்றும் முதல் இரண்டையும் யாராலும் மறுபடி எடுக்க முடியவில்லை. பாதுகாத்து வைத்திருந்த பழைய மாதிரிகளை 1966இல் நிறமாலைமானியில் ஆராய்ந்தபோது, சீட்டில் எழுதியிருந்த பொருள் குப்பியில் இல்லை. உபரி என்று ஒதுக்கிய இண்டோல் அசெட்டிக் அமிலமே செடிகளின் முதன்மையான ஆக்சின் என்று நிலைபெற்றது. உயர் தாவரத்திலிருந்தே, அதாவது பிஞ்சு மக்காச்சோள மணிகளிலிருந்து, அது 1946இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதில் பங்கெடுத்த ஹாகன்-ஸ்மிட் கோகல் குழுவிலும் இருந்தவர். பின்னாளில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் புகைமூட்டத்தின் வேதியியலைக் கண்டுபிடித்ததற்காக அதைவிடப் பெரிய பெயர் பெற்றார்.

பொருள் கிடைத்துவிட்டது. அடுத்து, அது நகர்கிற விதம். தண்டில் ஆக்சின் மணிக்குச் சுமார் 1 செ.மீ. வேகத்தில், நுனியிலிருந்து அடியை நோக்கி மட்டுமே போகிறது. தண்டுத் துண்டைத் தலைகீழாக நிறுத்தினாலும் பழைய அடிப்பக்கத்துக்கே போகும். முருங்கைக் கொம்பை நடுகிறவர்கள் அடி எது, தலை எது என்று பார்த்து நடுவதற்குப் பின்னால் இந்தத் திசைப் பிடிவாதம் இருக்கிறது. ஹெர்மன் ஃபெக்டிங் 1878இலேயே வில்லோக் குச்சிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, வேர் எப்போதும் பழைய அடியில்தான் கிளம்புகிறது என்று காட்டியிருந்தார். திசை குச்சிக்குள்ளேயே எங்கோ எழுதப்பட்டிருக்கிறது. எங்கே?

விடையை 1974இல் கேம்பிரிட்ஜில் ரூபரியும் ஷெல்ட்ரேக்கும், 1975இல் ஜான் ரேவனும் ஒரு கருதுகோளாக வைத்தார்கள். ஆக்சின் ஒரு மென்மையான அமிலம். செல் சுவரின் அமிலத்தன்மை சுமார் பி.எச். 5.5. அங்கே ஆக்சின் மூலக்கூறுகளில் ஏறத்தாழ 15 சதவீதம் தம் புரோட்டானைப் பிடித்துக்கொண்டு மின்சுமையின்றி இருக்கும். அவை செல் சவ்வைத் தாமாகவே கடந்து உள்ளே போய்விடும். உள்ளே பி.எச். 7. அங்கே புரோட்டானோடு மிஞ்சுவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மற்றவை மின்சுமை ஏறிய அயனிகள். சவ்வைத் திரும்பக் கடக்க அவற்றால் முடியாது. ஒவ்வொரு செல்லும் ஆக்சினுக்கு ஒரு பொறி. வெளியேற வேண்டுமானால் கடத்திப் புரதம் ஒன்று கதவு திறக்க வேண்டும். அந்தக் கதவுகள் செல்லின் அடிப்பக்கத்தில் மட்டும் இருந்தால் போதும். ஒவ்வொரு செல்லாக ஆக்சின் கீழ்நோக்கியே போகும். கடத்தியை யாரும் கண்ணால் பார்க்காத காலத்தில், அமிலக் கணக்கை மட்டும் வைத்துச் சொன்ன ஊகம் இது. தாவர உடலியலில் இதற்கு இணையான அழகுள்ள ஊகம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

ரூபர்ட் ஷெல்ட்ரேக் அதன்பின் ஹைதராபாத் அருகே இக்ரிசாட் நிறுவனத்துக்கு வந்து துவரையிலும் கொண்டைக்கடலையிலும் ஆய்வு செய்தார். அங்கிருந்து விலகி, குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளி சாந்திவனம் ஆசிரமத்தில் தங்கி ஒரு நூல் எழுதினார். உயிர்களின் வடிவத்தை வேதிப்பொருள்களால் விளக்க முடியாது, கண்ணுக்குத் தெரியாத புலங்கள் வேண்டும் என்பது அதன் வாதம். 1981இல் வெளியானபோது ‘நேச்சர்’ இதழின் ஆசிரியரே அதைக் கடுமையாகச் சாடினார். அந்தப் புலங்களை நான் நம்பவில்லை. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி நியாயமானது. எல்லாச் செடியிலும் இதே ஆக்சின்தானே, பிறகு வடிவங்கள் ஏன் வேறு வேறு?

கதவுகள் கண்ணில் பட்டது ஒரு மொட்டைச் செடியால். அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சிறுசெடியில், பூங்காம்பு எழும்பியும் பூ எதுவும் வைக்காமல் ஊசிபோல் வெறுமனே நிற்கும் திடீர்மாற்ற வகை ஒன்று உண்டு. தோற்றத்தைப் பார்த்து அதற்கு ‘பின்’ என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்தார்கள். அதில் ஆக்சின் கடத்தல் குறைந்திருப்பதை ஜப்பானில் ஒகாடா குழு 1991இல் காட்டியது. பழுதான மரபணுவை 1998இல் ஜெர்மனியில் கண்டறிந்தார்கள். அந்த மரபணு தரும் ‘பின்-1’ புரதத்துக்கு ஒளிரும் குறியிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், தண்டின் செல்களில் அது அடிப்பக்கச் சவ்வில் மட்டும் கோடாகப் படிந்திருந்தது. இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் ஊகித்த அதே இடம்.

அந்த மொட்டை ஊசியை வைத்து சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ரைன்ஹார்ட், மாண்டல், குலமையர் மூவரும் 2000இல் வெளியிட்ட சோதனையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கடத்தலைத் தடுக்கும் மருந்து கொடுத்த தக்காளிக் குருத்தும் இலை வைக்காமல் ஊசியாகவே நீளும். அதன் விலாவில், நுண்ணோக்கியின் கீழ், லனோலின் பசையில் குழைத்த ஆக்சினைப் பொட்டாக வைத்தார்கள். வைத்த இடத்தில் புடைப்பு எழுந்து இலையாயிற்று. அராபிடாப்சிஸ் ஊசியில் வைத்தபோது பூ வந்தது. செறிவைக் கூட்டினால் உறுப்பு அகலமாக வந்தது. உச்சந்தலையில் வைத்தபோதோ எதுவுமே முளைக்கவில்லை; உச்சியைச் சுற்றியுள்ள வளையத்தில் மட்டுமே பலன். இந்த ஒரு சோதனையில் எல்லாமே அடங்கியிருக்கிறது. ஆக்சின் ‘இலை’ என்றோ ‘பூ’ என்றோ சொல்லவில்லை, ‘இங்கே’ என்று மட்டும் சொன்னது. என்ன முளைக்க வேண்டும் என்பதும், முளைக்கலாமா என்பதும் கேட்கும் திசுவின் முடிவு.

இயல்பான குருத்தில் அந்தப் பொட்டை வைப்பது யார்? மேல்தோல் செல்களில் ‘பின்-1’ எந்தப் பக்கத்துச் செல்லில் ஆக்சின் ஏற்கெனவே அதிகமோ அந்தப் பக்கம் திரும்புகிறது. கூட்டம் உள்ள கடைக்கே மேலும் கூட்டம் சேர்வது மாதிரி, தற்செயலாகக் கொஞ்சம் கூடுதல் கிடைத்த செல்லை நோக்கி அக்கம்பக்கத்துச் செல்கள் தம்மிடம் உள்ளதையும் தள்ளிவிடுகின்றன. அங்கே புடைப்பு எழுகிறது, சுற்றுப்புறம் வறண்டுபோகிறது. அடுத்த தேக்கம் முந்தைய தேக்கங்களிலிருந்து இயன்ற அளவு தள்ளித்தான் உண்டாக முடியும். புதிய இலை பெரிய இடைவெளியில் எழும் என்று ஹோஃப்மைஸ்டர் 1868இல் வெறும் கண்பார்வையில் சொன்ன விதிக்கு இப்படி ஒரு உள்விளக்கம் கிடைத்தது. 2006இல் இரண்டு குழுக்கள் இந்த விதியைக் கணினியில் கொடுத்து இலையமைவை உருவாக்கிக் காட்டின. சூரியகாந்தித் தலையில் நாம் வியக்கும் 137.5 பாகைக் கோணத்தை எந்த மரபணுவும் எண்ணாக வைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பக்கத்துச் செல்லைப் பார்த்து நடக்கும் செல்களின் கூட்டு விளைவாகவே அது வந்துவிடுகிறது.

வேர்நுனியில் வேறு ஏற்பாடு. வேரின் மையத் திசு வழியே இறங்கும் ஆக்சின் நுனியில் வேர்மூடிச் செல்களில் பிரிந்து, வெளியடுக்குகள் வழியே மேலேறி, ஒரு பகுதி மீண்டும் உள்ளே திரும்புகிறது. ஒவ்வொரு அடுக்கிலும் வெவ்வேறு ‘பின்’ புரதம், வெவ்வேறு முகத்தில். இந்தச் சுழற்சியால் ஸ்டெம் செல்கள் உள்ள இடத்தில் நிலையான ஆக்சின் உச்சம் நிற்கிறது. 1999இல் நெதர்லாந்துக் குழு அதைக் காட்டி, உச்சத்தை இடம் மாற்றினால் வேர்நுனியின் அமைப்பும் உடன் இடம்மாறுவதையும் காட்டியது. செடியைக் கிடையாகப் படுக்கவைத்தால், வேர்மூடியில் உள்ள மாவுமணிகள் புதிய அடிப்பக்கத்தில் படிகின்றன. சில நிமிடங்களில் ‘பின்-3’ அந்தப் பக்கம் நகர்ந்து ஆக்சினைக் கீழ்ப்புறம் அனுப்புகிறது. வேரில் ஆக்சின் நீட்சியை அடக்குவதால் கீழ்ப்புறம் பின்தங்கி, வேர் மண்ணை நோக்கி வளைகிறது. தண்டிலும் கீழ்ப்புறமே அதிக ஆக்சின். ஆனால் அங்கே அது செல் சுவரை அமிலமாக்கித் தளர்த்தி நீட்டுவதால் தண்டு மேல்நோக்கி நிமிர்கிறது.

கருவிலும் இதே நாடகம் முதல் செல் பிரிவிலேயே தொடங்குகிறது. ‘பின்-7’ ஆக்சினை மேல் செல்லுக்கு ஏற்றுகிறது. சில பிரிவுகளுக்குப் பின் ஓட்டம் தலைகீழாகி, ஆக்சின் அடியில் சேர, அங்கே வேரின் தொடக்கம் அமைகிறது. தலை எது, கால் எது என்பது இப்படி முடிவாகிறது. ஸ்ட்ராபெர்ரியில் நீச் 1950இல் செய்த சோதனை இன்னும் கண்கூடானது. அதன் மேல் விதைபோல ஒட்டியிருப்பவைதான் உண்மையான கனிகள். நாம் தின்பது பூத்தளம். விதைகளை எல்லாம் கிள்ளி எடுத்தால் பழம் பருக்காது. சிலவற்றை விட்டுவைத்தால் அவற்றைச் சுற்றி மட்டும் புடைக்கும். எல்லாம் எடுத்துவிட்டு ஆக்சின் பசை தடவினால் முழுப்பழமாகவே பருக்கும்.

இனி கேட்கும் பக்கம். ஆக்சினின் ஏற்பி டி.ஐ.ஆர்.1 என்ற புரதம் என்று 2005இல் இரண்டு குழுக்கள் ஒரே இதழில் அடுத்தடுத்து வெளியிட்டன. ஏற்பி என்றதும் நாம் எதிர்பார்ப்பது ஒரு விசை தட்டப்படுவதை. இங்கே நடப்பது அதுவல்ல. ஆக்சின் டி.ஐ.ஆர்.1இன் குழியில் உட்கார்ந்து, ‘ஆக்ஸ்/ஐ.ஏ.ஏ.’ என்ற தடுப்புப் புரதத்தை அதோடு பசைபோல ஒட்டுகிறது. ஒட்டியதைச் செல் குப்பையென்று குறித்து அழித்துவிடுகிறது. தடுப்பு விலகியதும் ‘ஏ.ஆர்.எஃப்.’ புரதங்கள் மரபணுக்களை இயக்கவோ அடக்கவோ தொடங்குகின்றன. அராபிடாப்சிஸில் டி.ஐ.ஆர்.1 குடும்பத்தில் 6, தடுப்புப் புரதங்கள் 29, ஏ.ஆர்.எஃப். 23. எந்தச் செல்லில் எது எது இருக்கிறதோ அதைப் பொறுத்து அதே ஆக்சினுக்கு வேறு பதில். ஷெல்ட்ரேக்கின் கேள்விக்கு முழுப் பதில் இல்லையென்றாலும், பாதிப் பதில் இந்த எண்களில் இருக்கிறது.

உரக்கடை அலமாரிக்கும் இதே விளக்கம் பொருந்தும். இயற்கை ஆக்சினைச் செடி விருப்பம்போல் கட்டுப்படுத்தும்: அமினோ அமிலத்தோடு பிணைத்து முடக்கும், ஆக்சிஜனேற்றிச் சிதைக்கும், ‘பின்’ கதவால் வெளியேற்றும். 2,4-டி இந்த எந்த வழியிலும் எளிதில் போகாது. அகன்ற இலைச் செடிக்குள் எல்லா இடத்திலும் தேங்கி நிற்கிறது. எல்லா இடமும் உச்சமானால் ‘இங்கே’ என்ற செய்திக்கே பொருளில்லை. செடி முறுக்கி வளர்ந்து சாகிறது. நெல் முதலிய புல்லினங்கள் அதை ஓரளவு விரைவாக மாற்றி முடக்கிவிடுவதால் தப்பிக்கின்றன. காற்றில் பக்கத்து வயலுக்குப் போய்விட்டால் பருத்தி இலை விரல்விரலாகக் குறுகிப்போவதை அறிந்தவர்கள் தெளிப்பான் கையோடு காற்றின் திசையையும் பார்ப்பார்கள்.

இதுவரை சொன்னதில் துறையின் பெருமை தெரிந்திருக்கும். சில இடங்களில் அந்தப் பெருமை கொஞ்சம் கூடிப்போனது என்றும் சொல்ல வேண்டும். கடத்தல் கதை அவ்வளவு கவர்ச்சியாக அமைந்ததால், உற்பத்தி நீண்ட காலம் கவனிக்கப்படவில்லை. ஆக்சின் குருத்து நுனியில் பிறந்து கீழே விநியோகமாகிறது என்றே பாடநூல்கள் எழுதின. டிரிப்டோபேனிலிருந்து இரண்டே படிகளில், யூக்கா என்ற நொதிக் குடும்பத்தின் துணையோடு ஆக்சின் உருவாகிறது என்று 2011இல் உறுதியானது. அந்த நொதிகள் வேர்நுனி, கரு, பூ என்று பல இடங்களில் உள்ளூரிலேயே வேலை செய்கின்றன. தேக்கத்துக்குக் கடத்தலும் உள்ளூர் உற்பத்தியும் சேர்ந்தே காரணம் என்பதுதான் இன்றைய சரியான கணக்கு.

நுனி ஆதிக்கத்தின் கதையும் திருத்தம் கண்டது. தலையைக் கிள்ளினால் பக்கமொட்டுகள் துளிர்ப்பது, மேலிருந்து வரும் ஆக்சின் நின்றுபோவதால் என்று திமனும் ஸ்கூக்கும் 1930களில் காட்டினார்கள். ஆனால் பட்டாணியில் பார்த்தால், வெட்டிய இடத்திலிருந்து எட்டத்தில் உள்ள மொட்டு, ஆக்சின் குறைவு அங்கே வந்து சேரும் முன்பே வளரத் தொடங்கிவிடுகிறது. மணிக்கு 1 செ.மீ. வேகத்தை நினைத்தால் இது உறுத்தியிருக்க வேண்டும். குருத்து உறிஞ்சிக்கொண்டிருந்த சர்க்கரை திரும்பி மொட்டுகளுக்குக் கிடைப்பதே முதல் தூண்டல் என்று 2014இல் சொன்னார்கள். ஆக்சினும் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற இன்னொரு ஹார்மோனும் அதன்பின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகின்றன.

ஏ.பி.பி.1 என்ற புரதத்தின் கதை இன்னும் சங்கடமானது. பல ஆண்டுகள் அது ஆக்சின் ஏற்பி என்று நம்பப்பட்டது. அது இல்லையென்றால் கருவே சாகும் என்று 2001இல் அறிவித்தார்கள். 2015இல் அந்த மரபணுவைத் துல்லியமாக வெட்டி எடுத்த செடிகள் சாதாரணமாகவே வளர்ந்தன. கரு செத்தது பக்கத்து மரபணு பழுதானதால். 2022இல் அதே புரதம் செல் மேற்பரப்பில் விரைவான சமிக்ஞைக்கு உதவுகிறது என்று மறுபடி வந்திருக்கிறது. இம்முறை சான்றுகள் வலுவாக இருக்கின்றன. ஆனாலும் ஒரு தடவை சூடுபட்ட துறை அவசரப்படாமல் இருப்பது நல்லது.

அளவிடும் கருவியிலும் ஒரு ஓட்டை இருந்தது. ‘ஆக்சின் இங்கே தேங்கியிருக்கிறது’ என்று சொல்லும் பெரும்பாலான படங்கள் டி.ஆர்.5 என்ற ஒளிரும் குறியைக் கொண்டு எடுத்தவை. அது காட்டுவது ஆக்சினுக்குச் செல் கொடுத்த பதிலை, ஆக்சினை அல்ல. காதைப் பொத்திக்கொண்ட செல் ஆக்சின் நிறைந்திருந்தாலும் இருட்டாகவே தெரியும். 2012இல் வந்த இன்னொரு குறி, தடுப்புப் புரதம் அழிவதைக் காட்டி இந்தக் குறையைப் பாதி தீர்த்தது. ஆக்சின் நேரடியாக வந்து ஒட்டினால் ஒளி மாறும் உணரி 2021இல்தான் கிடைத்தது. பாக்டீரியாவில் டிரிப்டோபேனைப் பிடிக்கும் புரதத்தைத் திருத்தி அதைச் செய்தார்கள்.

மிஞ்சியிருக்கும் பெரிய கேள்வி கதவின் திசை. 2022இல் மூன்று குழுக்கள் ‘பின்’ புரதங்களின் முப்பரிமாண அமைப்பை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டன. ஆக்சின் எந்தக் குழியில் உட்கார்கிறது, எப்படி வெளியே தள்ளப்படுகிறது என்பது இப்போது தெரியும். ஆனால் அந்தப் புரதம் செல்லின் எந்த முகத்தில் நிற்க வேண்டும் என்பதை அந்தப் படங்கள் சொல்வதில்லை. குருத்தின் மேல்தோலில் அது ஆக்சின் அதிகமுள்ள செல்லை நோக்கித் திரும்புகிறது. அதற்கு அடியில், நரம்பு உருவாகும் செல்களில், அது ஆக்சின் ஓடும் திசையிலேயே திரும்பி, ஓட்டத்தை ஒரு குறுகிய தடத்தில் ஒடுக்குகிறது. ஜெருசலேமில் ட்ஸ்வி சாக்ஸ் பட்டாணித் தண்டுகளைக் கீறிப் பார்த்து ‘பின்’ பெயர் கேள்விப்படுவதற்கு முன்பே ஊகித்தது இது. ஒரே புரதம், சில செல்கள் தள்ளி, இரண்டு விதிகள். பக்கத்துச் செல்லில் ஆக்சின் எவ்வளவு என்று ஒரு செல்லுக்கு எப்படித் தெரியும் என்பதற்கு 2010இல் வந்த யோசனை, சுவரின் இழுவிசை. ஆக்சின் நிறைந்த செல்லின் சுவர்கள் தளர்ந்து விரிய, பொதுச் சுவரில் இழுப்பு கூடுகிறது. அந்த இழுப்பை நோக்கி ‘பின்’ போகிறது. லேசர் கதிரால் ஒரு செல்லைச் சுட்டுப் பார்த்த சோதனைகள் இதற்கு ஒத்துப்போகின்றன. ஆனால் ஒத்துப்போவது வேறு, நிரூபணம் வேறு. அதற்கு ஆக்சினின் அளவு, ‘பின்’ நிற்கும் முகம், சுவரின் இழுப்பு மூன்றையும் வளரும் குருத்தின் ஒரே செல்லில், ஒரே நேரத்தில், நிமிடக் கணக்கில் தொடர்ந்து அளந்து, எது முதலில் மாறுகிறது என்று பார்க்க வேண்டும்.